விசில் கேட்கும்வரை

இருளம்மாள் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது வாசலைத்தான். கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பே கதவுகள் எத்தனை, அவை உள்பக்கம் திறக்கின்றனவா வெளிப்பக்கம் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுவாள். பந்தியில் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்காருவாள். சிவகாசி பஸ்ஸில் பின்படிக்கட்டை ஒட்டிய சீட் அவளுடையது. அதில் வேறு யாராவது இருந்தால் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே வருவாள். வீட்டில் வாசல் பக்கம் கால் நீட்டிப் படுப்பாள். எழுந்தால் திரும்ப வேண்டியதில்லை, நேரே ஓடலாம்.

வெம்பக்கோட்டை அணைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் அவளுடையது. ஐம்பத்திரண்டு வயது. இருபத்தேழு வருடமாகப் பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன்பு அவள் அப்போது வேலை பார்த்த ஆலையில் பக்கத்து அறை வெடித்தது. இருளம்மாளின் அறையில் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு கதவு வழியாக வெளியே பாய்ந்தார்கள். நாலாவது பெண் வாசலில் விட்டிருந்த செருப்பைப் போட்டுக்கொள்ள நின்றாள். அவள் வரவில்லை.

இருளம்மாள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலியைத் தாண்டி, கரிசல் காட்டைத் தாண்டி, மூன்று கிலோமீட்டர் ஓடி வைப்பாற்று மணலில் போய் விழுந்தாள். சாயங்காலம் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது கால் இரண்டும் கருவேல முள். ஊர் அவளுக்கு ஓட்டக்காரி என்று பெயர் வைத்தது. சிலர் அவளைத் தைரியசாலி என்றார்கள். தைரியம் என்றால் நிற்பதா ஓடுவதா என்று ஒருவன் முடிவுசெய்ய ஒரு கணமாவது வேண்டும். அவளுக்கு அந்தக் கணம் வாய்க்கவில்லை. கால்கள் முடிவுசெய்தன, அவள் பின்னால் போனாள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பாராட்டை அவள் ஒருநாளும் வாங்கிக்கொண்டதில்லை.

விபத்துக்கு மறுநாள் நடந்த ஒன்றும் அவள் மனதில் தங்கிவிட்டது. போர்மேன் ரத்தினசாமி, வெடித்துக் கரியாகிக் கூரையில்லாமல் நின்ற அந்தப் பக்கத்து அறைக்குள் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரர் என்று பெண்கள் வாய்க்குள் திட்டினார்கள். இருளம்மாள் மட்டும் வெளியே நின்று கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இங்கன போய் உக்காந்திருக்கீக?"

"வேற எங்கன உக்காரச் சொல்ற? இதவிடப் பத்திரமான ரூம் இந்தக் கம்பெனியில இல்லத்தா. இதுல வெடிக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல."

பிறகு ரத்தினசாமி வேறு ஆலைக்கு மாறியபோது இருளம்மாளையும் அழைத்துக்கொண்டார். அங்கே மாதம் ஒருமுறை ஓட்டப் பயிற்சி உண்டு. மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். செருப்பு, தூக்குவாளி, பக்கத்தில் இருப்பவள், எதற்காகவும் நிற்கக் கூடாது. ஆனால் எதுவரை ஓடுவது? இருளம்மாள் கேட்ட கேள்வி அது. ஆற்றுவரை ஓடியவளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். ரத்தினசாமி யோசித்து ஓர் எவர்சில்வர் விசில் வாங்கி வந்து அவள் கையிலேயே கொடுத்தார். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் அவள் நீளமாக ஒரு விசில் கொடுப்பாள். கேட்டவர்கள் அந்த இடத்திலேயே நின்று எண்ணிக்கை சொல்ல வேண்டும். அவள் ஒன்று. அவளுடைய அறையில் இரண்டாவது ஆள், மூன்று வருடத்துக்கு முன்பு மகன் பாண்டிமுருகனைக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் பாண்டிமீனா. அவள் எண் இரண்டு.

அந்த விசிலை இருளம்மாள் வீட்டுக்கு வரும்போதும் கழற்றுவதில்லை. கயிற்றில் கோத்து இடுப்புச் சுருக்குப்பையோடு கட்டியிருப்பாள். "ஏ இருளம்மா, பாயாசம் ஊத்தி முடிஞ்சதும் ஒரு விசில் குடு, எந்திரிச்சுக்கிடுறோம்" என்று பந்தியில் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள், பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள்.

இரண்டு வருடம் முன்பு பங்குனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். படைப்புழு விழுந்து கதிர் பாதிதான் தேறியது. சோளத்தட்டையை மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்ற தட்டையைக் கொளுத்திவிட்டுக் கோடை உழவு போடலாம், புழுவும் கூடோடு போகும் என்றார் அவள் கணவர் கருத்தப்பாண்டி.

அந்த நிலத்துக்கு வடக்கே அவள் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையின் முள்கம்பி வேலி. வேலியை ஒட்டிப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைத்த வெறும் தரை. கிழக்கே சீமைக்கருவேலங் காடு. அதற்குள் வண்டிப்பாதை ஒன்று ரோட்டுக்குப் போகும். மேற்கே மழைத்தண்ணீர் வடிவதற்கு இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாய்க்கால்.

ஆலை பக்கத்தில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள். அன்று ஆலையில் காவலாளி பெத்தணன் மட்டும் இருப்பான். பாண்டிமுருகன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். ஆகவே மூன்று பேர் வந்தார்கள். மீனா தன் ஸ்கூட்டியில் அத்தையை ஏற்றி வந்து கருவேலங் காட்டுப் பாதையின் நிழலில் வண்டியை நிறுத்தினாள்.

அவள் உடுத்தியிருந்த பளபளப்பான சேலையை இருளம்மாள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"இதென்னடி சேலை? நெருப்புக்கிட்ட வர்றவ நைலானையா சுத்திக்கிட்டு வருவ?"

"இது கம்பெனியா அத்தை? காடுதான?"

"காடுன்னா நெருப்பு சுடாதுன்னு உன் அப்பன் வீட்டுல சொல்லி அனுப்புனாங்களா?"

வண்டிச் சீட்டுக்கு அடியில் கிடந்த கருத்தப்பாண்டியின் பழைய முழுக்கைப் பருத்திச் சட்டையை எடுத்து மீனாவின் மேல் போட்டுப் பித்தானைக் கழுத்துவரை அவளே மாட்டினாள். "மாமா வேர்வை நாத்தம் தாங்க முடியல" என்று மீனா முகத்தைச் சுளித்தாள். "எனக்கு முப்பது வருசமா பழகிருச்சு, உனக்கு ஒரு மத்தியானம் பழகாதா?" என்றாள் இருளம்மாள்.

கருத்தப்பாண்டி வழக்கம்போல ஒரு பக்கமிருந்து, காற்றுக்கு எதிராகக் கொளுத்திக்கொண்டு வரலாம் என்றார். அவர் தகப்பன் காலத்திலிருந்து செய்வது. மெதுவாக எரியும், பின்னாலேயே நடந்து வரலாம். இருளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"காத்து திரும்புச்சுன்னா? ஒரு பொறி அங்கன பறந்துச்சுன்னா?" வேலிக்கு அப்பால் வெள்ளையடித்த அறைகளைக் காட்டினாள். "நாலு பக்கமும் வைங்க. உள்ள பாத்து எரியட்டும். நடுவுல போய் அதுவா சாகட்டும். வெளிய ஒரு பக்கமும் வழி இருக்கக் கூடாது."

"நெருப்பைக் கிடையில அடைக்கிற ஆட்டுக்குட்டின்னு நினைச்சியா?"

"சொன்னதச் செய்ங்க. அங்கன வேலை பாக்கறது நானு."

வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெத்தணனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். "அக்கா சொல்றது சரிதான் அண்ணே. இன்னொண்ணு, காத்து இப்ப நம்ம பக்கம் அடிக்கி. அது அடங்கட்டும், அப்புறம் வைங்க."

அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். பத்து மணி, பதினொன்று. பன்னிரண்டரைக்கு ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. தரையில் இருந்து அனல் நெளிந்து ஏறியது. தெற்கே தரிசில் ஒரு சின்னப் பேய்க்காற்று எழுந்து, சருகைச் சுருட்டிக்கொண்டு நாலு அடி நடந்து, தானே கலைந்தது. கருத்தப்பாண்டிக்குப் பேய்க்காற்று என்றால் ஆகாது. மூன்று தரம் துப்பினார். "இது வேற" என்றார். வெயில் உச்சியில், காற்றில்லாத நேரத்தில்தான் அது எழும் என்று அவருக்கு அறுபது வருடமாகத் தெரியும். தெரிந்ததை எதிரே நிற்கும் தட்டையோடு சேர்த்து நினைக்க அவருக்கோ வேறு யாருக்கோ அன்று தோன்றவில்லை.

முதலில் வேலிப்பக்கம் வைத்தார்கள். தட்டை படபடவென்று எரிந்து தெற்கே நகர்ந்தது. முப்பது அடி அகலத்துக்குக் கரி விழுந்ததும் இருளம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவளும் மீனாவும் பச்சை வேப்பங்குழையும் தண்ணீர்க் குடமுமாக வடக்கு வரப்பில் நின்றுகொண்டார்கள். கருத்தப்பாண்டி எரியும் தட்டைக் கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே வைத்தார், தெற்கே வைத்தார், கடைசியாகக் கிழக்கே வைத்துவிட்டுத் தெற்குப் பக்கம் விலகிப் போனார். மேற்கு ஓரம் வாய்க்கால்வரை சீக்கிரமே எரிந்து தணிந்தது. நாலு பக்க நெருப்பும் நடுவை நோக்கி நகர்ந்தது. அவள் சொன்னபடியே நடந்தது.

"பாத்தியா" என்றாள் மீனாவிடம். "ஒரு பொறி வெளிய வரல."

அப்போது அவள் முதுகில் காற்று பட்டது. காற்றே இல்லாத நேரத்தில் காற்று. வடக்கிலிருந்து, ஆலைப் பக்கத்திலிருந்து வந்து, அவள் முந்தானையை நெருப்பை நோக்கி இழுத்தது. மீனாவின் கையில் இருந்த வேப்பங்குழையின் இலைகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. எதிர்ப்பக்கம் கருத்தப்பாண்டியின் துண்டும் நெருப்பை நோக்கியே பறப்பது தெரிந்தது. அதைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை. காற்று என்றால் ஒரு திசையில் அடிக்கும். இது எல்லாப் பக்கமிருந்தும் நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நேராக ஏறிக்கொண்டிருந்த புகை ஈரச்சேலையைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. முறுக்கின் அடியில் நெருப்பு சேர்ந்தது. பரவலாக எரிந்துகொண்டிருந்த சுவாலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுற்றத் தொடங்கின. ஒரு பனை உயரம். பிறகு ஆலையின் இடிதாங்கிக் கம்பத்தைத் தாண்டிய உயரம். அதற்கு ஒரு சத்தம் இருந்தது. பல லாரிகள் ஒரே நேரத்தில் ஏற்றத்தில் முக்குவதுபோல, தரையோடு வந்து உள்ளங்காலில் ஏறுகிற சத்தம். எரியும் தட்டைகளை வேரோடு பிடுங்கி மேலே கொண்டுபோய் நாலாபக்கமும் வீசியது.

"அத்தை, அது நகருது" என்றாள் மீனா.

நடுவில் போய்ச் சாக வேண்டியது சாகவில்லை. அது எழுந்து நின்று நடந்தது. வடகிழக்குப் பக்கமாக, குடித்தவன் நடப்பதுபோல ஒரு தள்ளாட்டத்தோடு வந்தது.

இருளம்மாள் ஓடினாள்.

மீனாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கையைப் பிடிக்கவில்லை. கையில் இருந்த குடம் எப்போது விழுந்தது என்றும் தெரியாது. வரப்பின் மேல் கிழக்கே, கருவேலங் காட்டுப் பாதைக்கு, வண்டி நிற்கிற இடத்துக்கு, ரோட்டுக்கு. ஒன்பது வருடமாக உடம்புக்குள் சுருண்டு கிடந்த ஓட்டம் தானாக நிமிர்ந்துகொண்டது. திரும்பாதே, நிற்காதே. வரப்பில் காய்ந்து கிடந்த புல் காலடியில் நொறுங்கியது. செருப்பில் ஒன்று கழன்று போனது.

ஐம்பது அடி போவதற்குள் மீனா அவளைத் தாண்டினாள். சின்ன வயசு. கற்றுக்கொடுத்தபடியே ஓடினாள், தலையைக் குனிந்து, கையை வீசி, பக்கத்தில் யார் என்று பார்க்காமல் அத்தையைத் தாண்டிப் போனாள். பயிற்சியில் எத்தனையோ முறை "அப்படித்தான்டி" என்று இருளம்மாள் மெச்சிய ஓட்டம்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓட்டம் தடைப்பட்டது, குனிந்துகொண்டாள். தலையை நிமிர்த்தியபோது முன்னால் ஓடும் மீனாவைப் பார்த்தாள். மீனாவுக்கு மேலே, ஆகாயத்தில், எரியும் தட்டைகள் பறந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அவை மீனாவை முந்திக்கொண்டு கருவேலங் காட்டுக்குள் விழுந்தன. ஒன்று. இன்னொன்று. காட்டின் அடியில் கிடந்த காய்ந்த நெற்றுக்குவியலில் இருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. மீனா அதற்குள்தான் ஓடப் போகிறாள். காடு இரண்டு பக்கமும் எரியும்போது அந்தப் பாதை அடுப்பு.

முன்னால் இடமில்லை. வேறு எங்கே? அதற்காகத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

அது பக்கத்தில் வந்திருந்தது. அவள் நினைத்ததைவிடப் பக்கத்தில், நினைத்ததைவிட உயரமாக. கண் இமையின் மயிர் சுருங்குவது தெரிந்தது. அவர்கள் ஓடும் பக்கமாகவே அது சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், மேற்கே, எதுவும் எரியவில்லை. கரி. வெறும் கருப்பு நிலம், அங்கங்கே நூல்போலப் புகை. இந்தக் காட்டிலேயே எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இடம் அது ஒன்றுதான். கூரையில்லாத அறைக்குள் உட்கார்ந்து டீ குடித்த ரத்தினசாமி அவளுக்கு நினைவு வந்தார் என்று பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் வந்ததா, பிறகு வந்ததா என்பது அவளுக்கே உறுதியில்லை.

"மீனா! நில்லு!"

மீனா நிற்கவில்லை. ஏன் நிற்பாள்? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காதே, நானே விழுந்து கத்தினாலும் நிற்காதே என்று அவளிடம் சொன்னதே இருளம்மாள்தான். கூப்பிட்டது காதில் விழுந்தால் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்பதுதான் பாடம்.

சுருக்குப்பையைப் பிடித்தாள். கயிறு சேலைக் கொசுவத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தாள், வரவில்லை. குனிந்து விசிலைக் கயிற்றோடு வாய்க்குக் கொண்டுபோய் ஊதினாள். காற்றுத்தான் வந்தது. நெஞ்சில் மூச்சு இல்லை. மீனா பாதையின் வாயை எட்டிவிட்டாள். இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் இருந்ததை எல்லாம் திரட்டி, இன்னொரு தடவை ஊதினாள்.

நீளமான ஒரு விசில்.

மீனா நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் புகையும் கருவேல மரங்களுக்கு நடுவே, கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பயிற்சியில் நிற்கிற மாதிரியே நின்றாள். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்தது வெறும் குழப்பம். விசில் வந்தால் ஆபத்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடியவில்லையே?

"இங்கன வாடி! இங்கன வா!"

"அங்கன நெருப்புல்ல அத்தை!"

"எரிஞ்சு முடிஞ்சிருச்சுடி! வா!"

மீனா வந்தாள். எதிரே வானம் உயர நிற்கும் நெருப்பை நோக்கி யாரும் காரணம் யோசித்து ஓடி வர மாட்டார்கள். இருளம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வரப்பை விட்டுக் கீழே இறங்கி, அது வருகிற வழிக்குக் குறுக்கே, வேலியோரத்துக் கரி மீது மேற்கே ஓடினார்கள். இடது கன்னம் வெந்தது. உள்ளே இழுக்கும் காற்று இருவரையும் பக்கவாட்டில் தள்ளியது. கால் ஒவ்வொரு எட்டும் நெருப்பின் பக்கமே போய் விழுந்தது. செருப்பில்லாத காலில் கங்கு மிதிபட்டது. கத்த வாயைத் திறந்தால் தொண்டைக்குள் சூடு இறங்கியது. மீனாவின் முந்தானையில் ஒரு பொறி விழுந்து நைலான் உருகிச் சுருண்டது. இருளம்மாள் அதை ஒரே பிடுங்காகக் கிழித்து எறிந்தாள். மேலே இருந்த சட்டை தாங்கியது.

"விழு!"

வாய்க்காலுக்குள் இருவரும் குப்புற விழுந்தார்கள். மூக்கை மண்ணோடு அழுத்தி, முந்தானையை நாலு மடிப்பாக வாயில் வைத்துக்கொண்டாள் இருளம்மாள். இன்னொரு கையால் மீனாவின் பின்தலையை அமுக்கிப் பிடித்தாள். கரிசல் வெடிப்பு ஒன்றில் அவள் வாய் பதிந்திருந்தது. அதற்குள் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. அந்தக் குளிர்ச்சியை மூச்சு மூச்சாக உறிஞ்சினாள்.

சத்தம் தலைக்குமேல் இருக்கிறதா, தள்ளிப் போகிறதா என்று தெரியவில்லை. முதுகில் என்னவெல்லாமோ விழுந்தன. அவற்றைத் தட்ட எழுந்திருக்கச் சொன்னது உடம்பு. எழுந்து ஓடச் சொன்னது. ஓடுவதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அசையாமல் கிடப்பதற்கு அவளிடம் இருந்த பயம் முழுவதும் தேவைப்பட்டது.

பிறகு அந்த லாரிச் சத்தம் அறுந்துபோன மாதிரி நின்றது. படபடவென்று எங்கோ மரம் எரியும் சத்தம் மட்டும்.

"ஒண்ணு" என்றாள் இருளம்மாள். மண்ணுக்குள் சொன்னாள்.

"ஒண்ணு" என்றாள் மறுபடியும். அவள் கை இன்னும் மீனாவின் தலையை அமுக்கிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்கு அடியில் ஏதோ திமிறியது.

"கைய எடுங்க அத்தை, மூச்சு முட்டுது" என்றாள் மீனா. பிறகு, கொஞ்சம் இருமிவிட்டு, "ரெண்டு" என்றாள்.

எழுந்து பார்த்தபோது வடகிழக்கு மூலையில் கருவேலங் காடு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்தில் கரும்புகை. நெருப்புத் தூண் வேலிப்பக்கம் போய், எரிந்து தீர்ந்த கரிக்கும் செதுக்கி வைத்த வெறும் தரைக்கும் வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் உடைந்து உதிர்ந்துவிட்டது என்று பெத்தணன் பிறகு சொன்னான். ஆலைக்குள் விழுந்த நாலைந்து தட்டைகளை மணலை வாரிப் போட்டு அணைத்திருந்தான். வாரிப் போட்ட வேகத்தில் மணலில் பாதி அவன் தலையிலேயே இருந்தது.

தெற்கே இருந்து கருத்தப்பாண்டி ஓடி வந்தார். அவர் எரியும் காட்டை நோக்கித்தான் ஓடினார். ஸ்கூட்டி எரிவதைப் பார்த்தவர் அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். "இருளு! ஏ இருளு! ஏத்தா மீனா!" என்று பாதைக்குள் நுழையப் போனார். இருளம்மாளுக்குக் குரல் எழும்பவில்லை. விசில் இன்னும் கயிற்றோடு இடுப்பில் தொங்கியது. ஊதினாள். அவர் நின்றார், திரும்பினார், கரிக்கு நடுவே இரண்டு கருப்பு உருவங்கள் வாய்க்காலில் இருந்து தலை நீட்டுவதைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்து காட்டை அணைக்க மூன்று மணி நேரம் ஆனது. அதிகாரி ஒருவர் வயலைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"யாருய்யா நாலு பக்கமும் வைக்கச் சொன்னது?"

கருத்தப்பாண்டி மனைவியைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சார்" என்றார்.

"நானு" என்றாள் இருளம்மாள்.

"நாலு பக்கமும் வச்சா நடுவுல இருக்கிற சூடு நாலு பக்கக் காத்தையும் உறிஞ்சும். உறிஞ்சுற காத்து திருகும். அதுவும் இந்த உச்சி வெயில்ல, காத்து அசையாத நேரமாப் பாத்து. காலைல, ஒரு பக்கமிருந்து, துண்டு துண்டா வச்சிருக்கணும். எங்களுக்கும் ஒரு போன் போட்டிருக்கணும்." அவர் வாய்க்காலையும் கரிக்குமேல் பதிந்திருந்த காலடிகளையும் பார்த்தார். அவை கிழக்கிலிருந்து மேற்கே போயிருந்தன. "இது யாரு யோசனை?"

இருளம்மாள் குனிந்து, வெந்த காலில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தாள். அவர் பாராட்டவில்லை. "கால்ல மருந்து போடுங்க" என்றுவிட்டுப் போனார்.

பொழுது சாயத் தொடங்கியது. மற்றவர்கள் ரோட்டுக்குப் போன பிறகும் இருளம்மாள் வாய்க்கால் கரையில், கரியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் வரப்புப் புல்லைத் தாண்ட வேண்டும். காய்ந்த எதன்மேலும் கால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மீனா ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மாமாவின் சட்டையில் முதுகெல்லாம் ஓட்டை.

"அத்தை."

"ம்."

"நீங்கதான மொதல்ல ஓடுனீக?"

"ஆமா."

"நான் பின்னால வாரனான்னு பாத்தீகளா?"

இருளம்மாள் பாட்டிலை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

"பாக்கல" என்றாள்.

மீனா தலையை ஆட்டினாள். கோபம் என்று சொல்ல முடியாது. "நானும்தான் உங்களைத் தாண்டிப் போனேன்" என்றாள். "மூச்சு வாங்கி நின்னீக, தெரிஞ்சுச்சு. நிக்கல."

"நிக்காதன்னு நான்தான சொன்னேன்."

"ஆமா, நீங்கதான் சொன்னீக."

ஒருத்தியை ஒருத்தி மன்னித்ததாக அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். எங்கே போனாலும் இருளம்மாள் முன்னால்தான் நடப்பாள். வழி திறந்திருக்க வேண்டும் அவளுக்கு. அன்று வாய்க்காலை விட்டு ஏறி, வரப்பு தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டாள்.

"நீ முன்னால போ."

"எதுக்கு? நீங்க போங்க. நொண்டிக்கிட்டு வாரீக."

"போடி, சொன்னா."

மீனா முன்னால் நடந்தாள். ஓட்டை விழுந்த சட்டை கண்ணுக்கு எதிரே போய்க்கொண்டிருக்க, இருளம்மாள் புல்லின்மேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள்.